மூன்றாவது காட்சி: பண்ணையாள் குடிசை

தை மாதத்தில் நாற்று நட்டு நான் பார்த்தது அந்த ஒரே இடத்தில்தான். சுற்றிலும் சம்பா தலைசாய்ந்து நிற்கிறது. அறுவடை இயந்திரம் பக்கத்து வயலில் இரைந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒரு சின்ன வயலில் மட்டும் மோட்டார் வைத்துத் தண்ணீர் கட்டி, முழங்கால்வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்ட கம்ப்யூட்டர்காரர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வரிசையாகக் குனிந்து நாற்று ஊன்றுகிறார்கள். வரப்பில் நின்று ஒரு பெண் மைக்கில் குலவை போடுகிறாள். ஒரு குழு நட்டு முடித்துக் கரையேறியதும் கூலிப் பெண்கள் இறங்கி, நட்ட அத்தனையையும் பிடுங்கி, சேறு அலசி, முடிச்சு முடிச்சாகக் கட்டி அடுத்த பஸ்ஸுக்குத் தயாராக வைத்துவிடுகிறார்கள்.

நடுவதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். பிடுங்குவதற்குக் கூலி கொடுக்கிறார்கள். வருவாய்த் துறையில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். அந்த வயலின் சாகுபடிக் கணக்கான அடங்கலில் பயிர் என்ற கலத்துக்கு நேராக கிராம நிர்வாக அலுவலர் என்ன எழுதுவார் என்று யோசித்தேன். 'விருந்தினர்' என்று எழுதலாம். தண்ணீர் பாய்கிறது, ஆள் இறங்குகிறது, வருமானமும் வருகிறது. நெல் மட்டும்தான் இல்லை.

நன்னிலம் பக்கத்து ஊர் அது. தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்கிற தூரம். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பெரிய பண்ணை எப்படி நடந்ததோ அப்படியே நடத்திக் காட்டுவதாக விளம்பரம். குடும்பத்தோடு ஒரு நாள். ஏற்றம் இறைக்கலாம், மாட்டு வண்டி ஓட்டலாம், உலக்கை பிடிக்கலாம், களிமண்ணில் பொம்மை செய்யலாம், மிராசுதார் தலைப்பாகை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். நடத்துகிறவர் அந்தப் பண்ணையின் பழைய மிராசுதாருக்குப் பேரன். வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர், ஊருக்குப் பெரிய வீட்டுப் பிள்ளை.

அந்தப் பண்ணையின் கிழக்கு ஓரத்தில்தான் என் அக்காவின் வீடு. பெரியம்மா மகள். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு, புருஷனையும் அங்கேயே எரித்துவிட்டு, அதே கூரைவீட்டில் தனியாக இருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் காலனியில் காங்கிரீட் வீடு கட்டிப் போய்விட்டார்கள். கூரை என்று மிச்சமிருப்பது இவளுடையது ஒன்றுதான். ஆகவே பண்ணைக்காரர்கள் இவள் வாசலில் ஒரு பலகை நட்டு, 'மூன்றாவது காட்சி: பண்ணையாள் குடிசை' என்று எழுதிவிட்டார்கள். ஆள் வருகிற நாட்களில் அவள் தன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து முறத்தில் நெல் புடைக்க வேண்டும். அதற்கு நாள்கூலி.

பொங்கலுக்குச் சில வாரம் முன்னால் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, எனக்கு வீடு வந்திருக்குடா."

அரசாங்கத் தொகுப்பு வீடு. எத்தனை மனு, எத்தனை நடை என்று எனக்குத் தெரியும். "ஆர்டர் கைக்கு வந்துட்டுதா?" என்றேன்.

"வந்துட்டுது. ஆனா கட்டக் கூடாதாம். பெரிய வீட்டுப் புள்ள மனை அவருதுன்னு எழுதிக் கொடுத்துட்டாராம். ஓவர்சீயரு இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேங்கிறாரு. மார்ச்சுக்குள்ள கடைக்கால் எழும்பலன்னா என் பேரை அடிச்சுட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"வீடு வந்தது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் சொன்னேன்."

"சொன்னியா, கேட்டியா?"

"வெத்தல பாக்கு வச்சுக் கேட்டேன். மண்ணுல மம்பட்டி போடுறதுக்கு முன்னாடி பெரிய வீட்டுல ஒரு வார்த்தை கேக்குறதுதானேடா நம்ம பக்கம்?"

போனை வைத்தேன். என் மனைவி ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து முன்னால் வைத்தாள்.

அந்த மனை அக்காவுடையது என்பதில் எவருக்கும் எந்தச் சந்தேகமும் கிடையாது. பண்ணையாள் எந்த மனையில் குடியிருக்கிறானோ அந்த மனை அவனுக்கே சொந்தம் என்று எழுபதுகளின் தொடக்கத்தில் சட்டம் வந்தது. சட்டம் சும்மா வரவில்லை. அதற்கு முன்னால் சில வருஷங்கள் இந்தப் பக்கம் கூலிக்காகவும் குடிமனைக்காகவும் என்னென்ன நடந்தது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு வெளியூர் ஆளை இறக்கி அறுத்தார்கள். சங்கத்தில் சேர்ந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அக்காவின் மாமியார் காலி செய்ய மறுத்தாள். ஆள் அனுப்பிக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அவள் திறந்து கிடந்த நான்கு சுவருக்குள் அடுப்பு மூட்டி உலை வைத்தாள். மறுநாளும் வைத்தாள். மழை வந்தபோது ஓலைப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வைத்தாள். பிறகு சட்டம் வந்தது, பட்டா வந்தது. அவள் பெயரில் இருந்த பட்டா மகன் பெயருக்கும், மகனுக்குப் பிறகு அக்கா பெயருக்கும் முறையாக மாறியிருக்கிறது. நானே உட்கார்ந்து வாசகம் சரிபார்த்த பட்டா.

அதே காலத்தில் மிராசுதார் என்ன செய்தார் என்பதும் எனக்குத் தெரியும். நில உச்சவரம்பு வந்தபோது அவருடைய நஞ்சை முழுவதும் ஒரே இரவில் பக்தியில் ஆழ்ந்தது. பாதி அறக்கட்டளைக்குப் போனது. மீதி, இன்னும் பிறக்காத பிள்ளைகள் பெயருக்குப் போனது. அப்படிப் பிறப்பதற்கு முன்பே நிலம் வாங்கிய ஒருவர்தான் இப்போது டிக்கெட் கிழிக்கிறார். இந்தக் கட்சி ஆண்டது, அந்தக் கட்சி ஆண்டது, உழுபவனுக்கே நிலம் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். சுவர் எழுத்துக்கு மட்டும் வருஷா வருஷம் புது வர்ணம் வந்தது.

வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கூரை மாற்றினாலும் கேட்பார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தாலும் கேட்பார்கள். சங்கம் வந்து, சட்டம் வந்து, பெரிய வீட்டோடு கோர்ட்டு வரைக்கும் போனவர்கள்கூட மனை முகூர்த்தத்துக்கு முன்னால் போய் வெற்றிலைத் தட்டை நீட்டுவார்கள். பழைய மிராசுதார் 'ஆகட்டும்' என்பார். வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பது அவருக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். அவர் எதிரிதான். ஆனால் வெற்றிலைக்கு அர்த்தம் தெரிந்த எதிரி. பேரனுக்கு அது தெரியாது. அக்கா நீட்டிய தட்டைப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் ஒன்றிய அலுவலகத்துக்கு மனு போனது: மேற்படி பெண்மணி என்னிடம் நேரில் வந்து அனுமதி கோரியதிலிருந்தே மேற்படி மனை எனக்குப் பாத்தியப்பட்டது என்பது விளங்கும்.

நல்ல மனு. எழுதியவர் என் குமாஸ்தாவாக இருந்திருந்தால் நான் பாராட்டியிருப்பேன்.

ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். ஓவர்சீயர் எழுந்து நாற்காலி போட்டார், காப்பி வரவழைத்தார், எல்லா மரியாதையும் செய்தார், வேலையை மட்டும் செய்ய மறுத்தார்.

"தடையாணை இருக்கா?" என்றேன்.

"இல்லீங்க சார்."

"பட்டாவுல ஏதாவது குறை?"

"சுத்தமா இருக்குங்க சார்."

"அப்புறம் ஏன் போய்க் கடைக்காலுக்கு மார்க் பண்ணித் தரலை?"

"தகராறுன்னு ஒரு மனு வந்துட்டுதே சார்."

"மனு வந்தா வேலையை நிறுத்தணும்னு எந்த விதியில இருக்கு?"

"விதியில இல்லீங்க சார். ஆனா எனக்கு ராமநாதபுரத்துக்கு டிரான்ஸ்பர் வரும். அது விதியிலயே இருக்கு."

அவருடைய பயம் நியாயமானது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. எழுந்திருக்கும்போது அவரே குரலைத் தாழ்த்தினார். "சார், பயனாளி தானா கடைக்கால் தோண்டியிருந்தா நான் போய்ப் போட்டோ எடுத்து ஆன்லைன்ல ஏத்தித்தான் ஆகணும். ஆரம்பிச்ச வேலையை நிறுத்துற அதிகாரம் எனக்கு இல்லீங்க."

அக்காவிடம் சொன்னேன். தோண்டு, தோண்டினால் அவர் வந்தாக வேண்டும்.

"தோண்டினா ஆள் வச்சு மூடிடுவாங்கடா. கேக்க நாதி இல்லாம நான் ஒருத்தி கிடக்குறேன்" என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, குரல் மாறியது. "நீ காணும் பொங்கலுக்கு வா. மகளையும் பேத்தியையும் கூட்டிட்டு வா. என் வீட்டுக்குன்னு சொல்லி வராதே. டிக்கெட்டு எடுத்துட்டு வா."

பொங்கல் விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த மகளுக்கு ஒரே சந்தோஷம். அப்பாவாக ஓரிடத்துக்குக் கூப்பிடுவது அபூர்வம். போனிலேயே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

வாசலில் பிள்ளைகளுக்கு டோக்கன் கொடுத்தார்கள். சிவப்பு வந்தால் மிராசுதார், பச்சை வந்தால் பண்ணையாள். குலுக்கல் முறை. மூவாயிரம் வருஷத்தில் அந்த வரப்பில் நடந்த ஒரே சமூக நீதி. என் பேத்திக்குப் பச்சை வந்தது. மைக் வைத்த பெண் ஒரு துண்டைக் கொடுத்து, "இதை இடுப்புல கட்டிக்கணும் செல்லம். தோள்ல போடக் கூடாது. அய்யா வந்தா கையைக் கட்டிட்டு 'ஆகட்டுங்க'ன்னு சொல்லணும். சொல்லு பார்ப்போம்" என்றாள்.

"ஆகட்டுங்க" என்றது குழந்தை, சிரித்துக்கொண்டே. எல்லோரும் கை தட்டினார்கள்.

மகள் படம் எடுத்தாள். நான் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அப்பா ஒரு தடவை துண்டை அக்குளில் இடுக்கிக்கொள்ள மறந்து போனதற்கு என்ன நடந்தது என்பதை மகளிடம் நான் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. டிக்கெட்டில் அது சேர்ந்திருக்கவில்லை.

அடுத்தது ஜமாபந்தி விளையாட்டு. ஒரு பையனுக்கு வெள்ளைக்கார கலெக்டர் தொப்பி வைத்து உட்கார்த்தினார்கள். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காகிதத்தை நீட்ட, அவன் டப் டப்பென்று முத்திரை குத்தினான். ஜமாபந்தியில் கலெக்டர் முத்திரை குத்துவதில்லை. கிராமக் கணக்கைத் தணிக்கை செய்து கையொப்பம் வைப்பார். எத்தனை ஜமாபந்தியில் வெயிலில் நின்றிருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மகள், "அப்பா, ப்ளீஸ்" என்றாள். ஒரு விஷயம் மட்டும் அந்த விளையாட்டில் சரியாக இருந்தது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பையன் படிக்கவே இல்லை.

கஞ்சி குடித்து முடித்ததும் மூன்றாவது காட்சிக்கு எங்களை அழைத்துப் போனார்கள். 'உள்ளே எட்டிப் பார்க்கலாம். தொட வேண்டாம்' என்று பலகையில் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிவி மேல் ஒரு பழைய சேலை போர்த்தியிருந்தது. மிக்ஸியைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றியிருந்தார்கள். பிளாஸ்டிக் குடம் இருந்த இடத்தில் மண்பானை. ஆள் வருகிற நாளில் காலையில் பண்ணை ஆள் வந்து இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவானாம். ஒருத்தியின் டிவியை அவள் வீட்டிலேயே ஒளித்து வைக்கச் சொல்லி உத்தரவு போடுகிறவனை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஜப்திக்குப் போன கோர்ட்டு அமீனாவைப் பார்த்து ஜனங்கள் அப்படி ஒளித்ததுண்டு.

அக்கா முறத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில், மனைக்குள்ளேயே, முளையடித்துக் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. ஈசானி மூலையில் மஞ்சள் பூசிய செங்கல், பூ, சூடம். காலனியிலிருந்து வந்த கொத்தனார் மம்பட்டியோடு நின்றார். எங்களைப் பார்த்ததும் அக்கா சூடத்தைக் கொளுத்தினாள்.

மைக் பெண் தன் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினாள். "பாட்டி, இது... இன்னைக்கு ஷெட்யூல்ல இது இல்லையே."

"என் ஷெட்யூல்ல இருக்கும்மா" என்றாள் அக்கா. முதல் மண்ணை அவளே வெட்டினாள்.

பின்னாலிருந்து ஒருவர், "ஓ, வீடு கட்டுற ஆக்டிவிட்டியா? சூப்பர்!" என்றார். உடனே ஒரு சிறுவன், "பாட்டி, நாங்களும் தோண்டலாமா?" என்றான்.

"டிக்கெட்டு எடுத்துத்தானே வந்திருக்கீங்க? தோண்டுங்க கண்ணு. கோட்டைத் தாண்டக் கூடாது, ஆமா."

களிமண் பொம்மைக்காகப் பண்ணை கொடுத்திருந்த சின்னச் சின்ன மம்பட்டிகளோடு பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். கொத்தனார் நடுவில் ஆழம் வெட்ட, இவர்கள் ஓரத்தில் சுரண்டினார்கள். அப்பாமார்களும் இறங்கினார்கள். அன்றைக்கு அந்தப் பண்ணையில் மறுபடி பிடுங்கப்படாத வேலை அது ஒன்றுதான். பேத்திக்கு வெயில் சுட்டிருக்க வேண்டும். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டாள். அந்த மண்ணில் மிராசுதார் வருகிற நேரத்தில் தலையில் துண்டோடு நிற்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மிராசுதாரின் பேரன் வேகமாக வந்தார். விருந்தினர் முன்னால் முகத்தில் சிரிப்பை விடாமல் பேசுவது நிர்வாகப் படிப்பில் ஒரு பாடமாகவே இருக்கும் போலிருக்கிறது.

"என்ன பாட்டி இது? ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?"

"கேட்டேனேய்யா. கேட்டதுக்குத்தான மனு போட்டீங்க?"

தோண்டிக்கொண்டிருந்த அப்பாமார்கள் நிமிர்ந்தார்கள். ஒரு அம்மா, "என்ன மனு?" என்று பக்கத்தில் கேட்டாள். பேரன் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் யார் என்று ஓவர்சீயர் சொல்லியிருக்க வேண்டும்.

"சார், நீங்க படிச்சவங்க. இந்த இடத்தோட அழகே இந்தக் குடிசைதான் சார். இவங்களுக்கு வருஷா வருஷம் நானே கீத்து மாத்தித் தரேன். காங்கிரீட் வந்தா அந்தக் காலத்து ஃபீலே போயிடும்."

"உங்க பெரிய வீட்டுல ஏசியைக் கழட்டிட்டீங்களா?" என்றேன்.

"சார், மனு நிலுவையில இருக்கு."

"இருக்கட்டும். மனு நிலுவையில இருந்தா வேலை நிக்காது. தடையாணை வேணும். முன்சீப் கோர்ட்டுல வாங்கணும். கோர்ட்டு பொங்கல் லீவு. திறந்ததும் வக்கீலைப் பாருங்க. பட்டா நகல் வேணும்னா நானே தரேன். நீங்க இப்ப நிக்கிறது அவங்க மனைக்குள்ள. கொஞ்சம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க, பிள்ளைங்க காலை வெட்டிடப் போகுது."

வேலையில் இருந்த காலமெல்லாம் எவ்வளவோ பெரிய மனிதர்களிடம் 'பரிசீலிக்கிறோம்' என்று சொல்லியிருக்கிறேன். இப்படிப் பேசியது ஓய்வூதியம் கொடுத்த தைரியம். அவர் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். ஆள் வைத்து மூட அவரால் முடியவில்லை. அத்தனை போனிலும் பள்ளம் ஏறியிருந்தது, ஒவ்வொரு படத்திலும் யாராவது ஒருவருடைய பிள்ளை சேறு அப்பிய முகத்தோடு நின்றது.

மறுநாள் ஓவர்சீயர் வந்தார். படம் எடுத்தார், ஏற்றினார். பள்ளம் ஏன் ஓரத்தில் இப்படிக் கோணல்மாணலாக இருக்கிறது என்று மட்டும் கேட்டாராம். தடையாணைக்கு யாரும் போகவில்லை. போயிருந்தால் கிடைத்திருக்காது, வக்கீல் அதைச் சொல்லியிருப்பார், ஃபீஸ் வாங்கிக்கொண்டு.

மார்ச்சுக்குள் கடைக்கால் எழும்பியது. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை வார்த்தாயிற்று. பண்ணைக்காரர்கள் அவள் வீடு கண்ணில் படாதபடி உயரமாகப் பச்சை வலை கட்டினார்கள். அக்கா அதில் துணி காயப் போடுகிறாள்.

வீடு குடிபோவதற்கு முதல் நாள் சாயங்காலம் போனேன். அக்கா தலை சீவி, நல்ல சேலை கட்டி, ஒரு தட்டில் வெற்றிலையும் பாக்கும் மஞ்சளும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?" என்றேன்.

"பெரிய வீட்டுக்கு."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மாமியார் கூரையில்லாமல் உலை வைத்ததிலிருந்து ஆரம்பித்து, குடியிருப்புச் சட்டம், பட்டா, மனு, அவர் எடுத்த படம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடியும் கொண்டுபோய் வெற்றிலையை நீட்டினால் இந்தத் தடவை வாசற்படி தன்னுடையது என்று எழுதிக் கொடுப்பார் என்றேன். அவள் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"முடிஞ்சுதா?" என்றாள். "அன்னிக்குக் கேக்கப் போனேன். இன்னிக்குக் கூப்பிடப் போறேன். இது என் வீடு, நாளைக்குப் பால் காய்ச்சுறேன், வாங்கன்னு சொல்லப் போறேன். இதுக்கு என்ன மனு எழுதுவாரு அவரு? வா, கூட வா. தனியாப் போனா அதையும் போட்டோ எடுப்பாரு."

நான் போகவில்லை. அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் பேரன் வந்தார், கையில் ஒரு சுவர்க்கடிகாரப் பெட்டியோடு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வாங்கய்யா, உள்ள வாங்க" என்றாள் அக்கா. "நீங்க கேக்க வேணாம்."